குதிரை நலம் ஒரு கூட்டு வேலை: லாயத்திலிருந்து தொழில்துறை வரை முழுமையான வழிகாட்டி

ஒரு குதிரை பிறந்ததிலிருந்து சாகும்வரை எத்தனை பேர் கையைக் கடந்து போகிறது என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். இனப்பெருக்கம் செய்பவர், முதலில் வாங்குபவர், பழக்குபவர், சவாரி செய்பவர், தீனி போடுபவர், கால்நடை மருத்துவர், லாடம் அடிப்பவர், சேணம் பொருத்துபவர், வண்டியில் ஏற்றிச் செல்பவர், போட்டி நடத்துபவர், கடைசியில் வயதான குதிரையை ஏற்றுக்கொள்பவர். இவர்களில் பெரும்பாலானோர் குதிரை மீது உண்மையான அன்பு உள்ளவர்கள்தான். ஆனாலும் குதிரைகள் அவதிப்படுகின்றன. வேண்டுமென்றே செய்யும் கொடுமையைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். அதைவிடப் பரவலாக இருப்பது இன்னொன்று: ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியாமலே போவதால் நீண்டுகொண்டிருக்கும் வலி.

உதாரணத்துக்கு, நன்றாகத் தாண்டிக்கொண்டிருந்த குதிரை தடைக்கு முன்னால் நிற்கத் தொடங்குகிறது. சவாரி செய்பவர் அதைப் பிடிவாதம் என்கிறார். முன்னங்குளம்பு ஒன்று சூடாக இருந்ததை லாடம் அடிப்பவர் போன முறையே கவனித்தார். ஒரு பக்கத் தோள் தசை மெலிந்திருப்பதைச் சேணம் பொருத்துபவர் பார்த்தார். இரவுப் புல்லில் பாதியை அது மிச்சம் வைப்பது தீனி போடுபவருக்குத் தெரியும். மூன்று பேரிடமும் துப்பு இருந்தது, சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பயிற்சியாளர் சவுக்கை எடுக்கிறார்.

இந்த இடைவெளிகளை எப்படி அடைப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம். ஒரு லாயத்துக்குள்ளேயே நாளைக்குத் தொடங்கக்கூடியவை முதலில் வருகின்றன. பல அமைப்புகள் கை கோத்தால்தான் நடக்கும் என்பவை பின்னால் வருகின்றன.

படி 1: எல்லோரும் ஒரே அளவுகோலைப் பிடியுங்கள்

"குதிரை நல்லா இருக்கு" என்று சொல்லும்போது மருத்துவர் நோயில்லை என்கிறார், பயிற்சியாளர் வேகம் குறையவில்லை என்கிறார், உரிமையாளர் தோல் மினுமினுக்கிறது என்கிறார். மூவரும் பேசுவது மூன்று வேறு விஷயங்களை. அதனால் பொதுவான ஒரு சட்டகம் முதலில் வேண்டும்.

பிரிட்டனில் 1965-ல் வெளியான பிராம்பெல் குழு அறிக்கையிலிருந்து ஐந்து சுதந்திரங்கள் என்ற கருத்து வளர்ந்தது. பசி, வலி, பயம் போன்றவை இல்லாதிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1994-ல் மெல்லர், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் அதை ஐந்து களங்களாக விரித்தார்கள்: உணவு, சூழல், உடல்நலம், நடத்தை, மனநிலை. முதல் நான்கில் நடப்பது எல்லாம் ஐந்தாவதில், அதாவது குதிரை என்ன உணர்கிறது என்பதில், வந்து சேர்கிறது. 2020-ல் வந்த திருத்தத்தில் மனிதர்கள் அந்த விலங்கோடு பழகும் விதமும் சேர்க்கப்பட்டது. நம் வேலைக்கு இந்தச் சட்டகமே பொருத்தம் என்று நினைக்கிறேன். துன்பம் இல்லை என்பதோடு நிற்காமல், இந்தக் குதிரைக்கு இன்று ஏதாவது சந்தோஷம் கிடைத்ததா என்றும் அது கேட்கிறது.

அடுத்து, எண்களில் கவனம். உடல் பருமனைக் கணிக்க இரண்டு அளவுகோல்கள் புழக்கத்தில் உள்ளன. 1983-ல் ஹெனெகி உருவாக்கியது 1 முதல் 9 வரை போகும். மற்றொன்று 0 முதல் 5 வரை. "இதுக்கு 4" என்று ஒருவர் எழுதினால் முதல் அளவுகோலில் சற்று மெலிந்த குதிரை, இரண்டாவதில் கொழுத்த குதிரை. தீனியைக் கூட்டச் சொல்வதா, குறைக்கச் சொல்வதா என்பதே தலைகீழாகிவிடும். எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் எல்லோரும் ஒன்றையே பயன்படுத்துங்கள், எழுதும்போது "9-க்கு 4" என்று முழுதாக எழுதுங்கள்.

வலியை அடையாளம் காணவும் சோதித்த கருவிகள் இருக்கின்றன. 2014-ல் வெளியான குதிரை முகபாவ அளவுகோல் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறது: விறைத்துப் பின்னால் போன காது, இறுகிய கண், கண்ணுக்கு மேலே தெரியும் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் துருத்திய மோவாயும், விறைத்த மூக்குத்துளை. சவாரியின்போது பார்க்க, மருத்துவர் சூ டைசனும் உடன் ஆய்வாளர்களும் தொகுத்த 24 நடத்தைகளின் பட்டியல் உண்டு. வாலைச் சுழற்றுவது, வாயைத் திறந்துகொள்வது, தலையைத் திரும்பத் திரும்ப ஆட்டுவது போன்றவை அதில் வரும். எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் உடம்பில் வலி இருக்க வாய்ப்பு அதிகம், மருத்துவரை அழைக்க வேண்டும். இந்த இரண்டையும் லாயத்தில் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் கற்றால் அது அவருடைய கருத்தாகவே நின்றுவிடும்.

படி 2: கைகளை வரிசைப்படுத்துங்கள்

ஒரு தாள் எடுத்து, அந்தக் குதிரையைத் தொடும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். பக்கத்தில் மூன்று கேள்விகள்: இவர் எவ்வளவு நேரம் பார்க்கிறார்? என்ன முடிவு எடுக்கிறார்? அவர் பேச்சை யார் கேட்கிறார்கள்?

பெரும்பாலான இடங்களில் ஒரே விஷயம் தெரியவரும். அதிக நேரம் பார்ப்பவர் லாயப் பணியாளர், அவர் பேச்சுக்குத்தான் மதிப்புக் குறைவு. காலையில் சாணம் எப்படி இருந்தது, தண்ணீர் எவ்வளவு குறைந்தது, படுத்ததற்கு அடையாளமாக உடம்பில் துரும்பு ஒட்டியிருந்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மருத்துவர் பார்ப்பது மாதத்தில் சில நிமிடங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், லாயப் பணியாளரின் வார்த்தைக்கு முறையான இடம் கொடுங்கள் என்பேன். அவருக்கு நியாயமான சம்பளமும் ஓய்வும் கொடுப்பதும் குதிரை நலத்தின் ஒரு பகுதிதான். தூக்கமில்லாமல் அளவுக்கு மீறிய குதிரைகளைக் கவனிப்பவரால் ஒரு முகச்சுளிப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

தீனி விற்பவர், காப்பீட்டு நிறுவனம், வண்டி ஓட்டுநர் ஆகியோரையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் முடிவுகளும் குதிரையின் உடம்பில்தான் இறங்குகின்றன.

படி 3: ஒரே பதிவேடு

மருத்துவரின் குறிப்பு அவர் கணினியில், லாடம் அடித்த தேதி யாரோ ஒருவர் கைபேசியில், தீனி அளவு கரும்பலகையில் என்று சிதறிக் கிடந்தால் பயனில்லை. குதிரைக்கு ஒரு பதிவேடு, எல்லோரும் பார்க்கவும் எழுதவும் கூடியதாக. காகித நோட்டே போதும். மைக்ரோசிப் எண், தடுப்பூசி, குடற்புழு மருந்து, பல் பரிசோதனை, லாடம், சேணம், எடை, வேலை நேரம் எல்லாம் அதிலேயே.

முக்கியமாக, அந்தக் குதிரையின் இயல்பு நிலை முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு உடல் வெப்பம் சுமார் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. இது பொதுக் கணக்கு. உங்கள் குதிரையின் வழக்கமான நாடி 30 என்று தெரிந்தால், 42 என்பதே ஒரு எச்சரிக்கை. பொதுக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு அது சாதாரணமாகத் தெரியும்.

மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே பக்கத்திலிருந்து புகைப்படம் எடுத்து ஒட்டுங்கள். தினமும் பார்ப்பவர்களுக்கு மெல்ல வரும் மாற்றம் தெரிவதில்லை. குதிரை விற்கப்பட்டால் பதிவேடும் கூடவே போக வேண்டும். பழைய காயத்தை மறைத்து விற்பதால் அடுத்தவர் கையில் அது மறுபடி கிழிகிறது.

படி 4: சேர்ந்து பார்க்கும் நாள்

பதிவேடு மட்டும் போதாது, ஆட்கள் ஒரே குதிரைக்குப் பக்கத்தில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவர், லாடம் அடிப்பவர், சேணம் பொருத்துபவர், பயிற்சியாளர், லாயப் பணியாளர் ஆகியோரை ஒரே நாளில் வரவழைப்பது சாத்தியமே. பல குதிரைகளை ஒரே நாளில் பார்க்கச் செய்தாலோ, பக்கத்து லாயங்களோடு சேர்ந்து ஏற்பாடு செய்தாலோ செலவு பகிரப்படும். குளம்பின் எக்ஸ்ரேயை மருத்துவரும் லாடம் அடிப்பவரும் சேர்ந்து பார்த்தால், தொலைபேசியில் பல நாள் பேசியும் தீராதது அங்கேயே தீரும்.

அந்தக் கூட்டத்துக்குச் சில விதிகளை முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். லாயப் பணியாளர் முதலில் பேசட்டும், மருத்துவர் கடைசியில். மூத்தவர் முதலில் சொல்லிவிட்டால் இளையவர் அதை மறுத்துப் பேசமாட்டார். அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். சேணம், லாடம், தீனி மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று யாருக்கும் தெரியாது. அவசர வலி இருந்தால் மட்டும் இதற்கு விலக்கு.

இன்னொன்றும் எழுத்தில் இருக்கட்டும்: வலி சந்தேகம் இருந்தால் அன்றைய வேலையை நிறுத்த யார் வேண்டுமானாலும் சொல்லலாம், மறுபடி தொடங்க மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். நிறுத்தச் சொன்னவர் மீது எந்த நடவடிக்கையும் இருக்கக் கூடாது. போட்டிக்கு முந்தைய நாள் இந்த விதி சோதிக்கப்படும். அதனால்தான் அமைதியான நாளிலேயே எல்லோரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

படி 5: புல், துணை, திறந்தவெளி

கூட்டு முயற்சி என்று சொல்லிவிட்டுக் கூட்டம் போடுவதோடு நின்றுவிடுபவர்கள் உண்டு. குதிரையின் ஒரு நாள் மாறவில்லை என்றால் அந்தக் கூட்டங்களால் அதற்கு ஒரு நன்மையும் இல்லை. மாற வேண்டியவற்றில் முதலிடம் இந்த மூன்றுக்கு.

குதிரையின் வயிறு சிறியது, அமிலம் இடைவிடாமல் சுரக்கிறது. மெல்லும்போது வரும் உமிழ்நீர்தான் அந்த அமிலத்துக்கு மாற்று. மேய்ச்சலில் விட்டால் நாளின் பெரும்பகுதியை அது மேய்வதிலேயே கழிக்கும். அதை லாயத்தில் அடைத்து இரண்டு வேளை தானியம் மட்டும் கொடுத்தால் வயிற்றுப் புண் வர வாய்ப்பு அதிகம். பந்தயக் குதிரைகளிடம் இது மிகப் பரவலாகக் காணப்படுகிறது. உலர் எடைக் கணக்கில், உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீத அளவுக்கு நார்த்தீனி தினமும் வேண்டும். 500 கிலோ குதிரைக்கு அது 7.5 கிலோ, உலர்புல்லாகக் கொடுத்தால் ஈரப்பதத்தைச் சேர்த்துச் சுமார் 8.5 கிலோ. இடையில் பல மணி நேரம் வெறும் வயிறாக விடாமல் பிரித்துக் கொடுக்க வேண்டும். வேலைக்கு முன் கொஞ்சம் புல் கொடுப்பது நல்லது. ஓடும்போது அமிலம் வயிற்றின் மேற்பகுதியில் தெறிப்பதை அது குறைக்கும். இதற்குத் தீனி வாங்குபவரும், நேரம் ஒதுக்கும் பயிற்சியாளரும், இரவில் கடைசியாகச் சுற்றிவருபவரும் ஒத்துழைக்க வேண்டும்.

துணை விஷயத்தில்தான் எதிர்ப்பு அதிகம் வரும். "ஒன்றையொன்று உதைத்துக்கொண்டால்?" என்று உரிமையாளர் கேட்பார். விலை உயர்ந்த குதிரைக்குக் காயம் பட்டால் இழப்பு யாருக்கு என்று காப்பீட்டு நிறுவனமும் கேட்கும். பயம் நியாயமானது, ஆனால் தனிமையின் விலையும் கணக்கில் வர வேண்டும். குதிரை மந்தை விலங்கு. தனியே அடைபட்டவை கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்குவதும், கதவருகே இடவலமாக ஆடிக்கொண்டே நிற்பதும் வெறும் கெட்ட பழக்கம் என்று தள்ள முடியாதவை. வாழ்முறை ஒத்துவரவில்லை என்பதற்கான அறிகுறி அவை.

படிப்படியாகச் செய்தால் ஆபத்து குறையும். முதலில் கம்பித் தடுப்புக்கு இரு பக்கமும் முகர்ந்து பார்க்கட்டும். அடுத்து பக்கத்துப் பக்கத்துத் திடல்கள். பின்னங்கால் லாடங்களைக் கழற்றிவிட்டு, நிறைய இடமும் பல தீனிக் குவியல்களும் உள்ள திடலில் ஒன்றாக விடலாம். மூலை முடுக்கு இல்லாத வேலியாக இருக்கட்டும், பலவீனமானது சிக்கிக்கொள்ளக் கூடாது. சேர்ந்த பின் அடிக்கடி கூட்டத்தை மாற்றாதீர்கள். எந்தக் குதிரை எதனோடு ஒத்துப்போகும் என்று லாயப் பணியாளரிடம் கேளுங்கள்.

நிலம் இல்லாத லாயங்கள் என்ன செய்வது? இரண்டு மூன்று லாயங்கள் சேர்ந்து ஒரு திடலை முறை வைத்துப் பயன்படுத்தலாம். அதுவும் முடியாதென்றால் லாயத்துக்குள் குதிரை அறைகளுக்கு நடுவே உள்ள சுவரின் மேற்பகுதியைத் திறந்து, ஒன்றையொன்று தொட விடுவதாவது செய்யலாம். அது முழுத் தீர்வாகாது, ஆனால் இன்றே முடியும்.

படி 6: பயணமும் தொற்றும்

தலையை உயர்த்திக் கட்டிய நிலையில் நீண்ட பயணம் போகும் குதிரையால் மூச்சுக்குழாய்ச் சளியை வெளியேற்ற முடியாது, நுரையீரல் தொற்று வரலாம். ஓட்டுநருக்கு இது தெரிந்திருந்தால் இடையில் நிறுத்தித் தலையைத் தாழ்த்த விடுவார். ஏற்றும்போதும் இறக்கும்போதும் உடல் வெப்பத்தை எழுதிக் கைமாற்றுங்கள், அடுத்த சில நாட்களும் பாருங்கள்.

தொற்றுநோய் விஷயத்தில் தனி லாயம் என்று ஒன்று கிடையாது. 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த போட்டியில் குதிரை ஹெர்பிஸ் வைரஸ் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் வடிவில் பரவியது. பல நாட்டுக் குதிரைகள் வந்த இடம் என்பதால், பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு மார்ச் 1 அன்று ஐரோப்பாவின் 10 நாடுகளில் போட்டிகளை நிறுத்தியது. குதிரைகள் இறந்தன. அதன்பின் போட்டிக்கு வரும் குதிரைகளின் உடல் வெப்பத்தை முன்கூட்டியே செயலியில் பதிவுசெய்யும் முறை வந்தது.

உள்ளூர் அளவில் இதையே செய்யலாம். புதிதாக வரும் குதிரையை மூன்று வாரம் தனியே வையுங்கள், அதற்குத் தனி வாளி, தனி ஆள். காய்ச்சல் வந்தால் அக்கம்பக்க லாயங்களுக்கு அன்றே சொல்லிவிடுவது என்று முன்பே உடன்பாடு செய்துகொள்ளுங்கள். சொன்னவரை ஒதுக்கிவைத்தால் அடுத்தவர் மறைப்பார், ஆகவே முதலில் சொல்பவருக்கு நன்றி சொல்லும் வழக்கம் வேண்டும்.

படி 7: ஆராய்ச்சி, விதி, களம் மூன்றையும் இணைப்பது

இங்கிருந்து ஒரு லாயத்தின் எல்லையைத் தாண்டுகிறோம். பல தரப்பும் சேர்ந்து சாதித்ததற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தடையோட்டப் பந்தயத்தில் நடந்தது. பிரிட்டனில் தடைகளின் விளிம்பு நெடுங்காலமாக ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, ஏனென்றால் அது மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். குதிரையின் கண்ணில் இரண்டு வகை நிற உணரிகள்தான் உள்ளன, ஆரஞ்சும் பச்சையும் அதற்குப் பெரிதாக வேறுபடுவதில்லை. எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பந்தய நிர்வாகமும் விலங்கு நலச் சங்கமும் துணை நிற்க, எந்த நிறம் தெளிவாகத் தெரிகிறது என்று சோதித்தார்கள். அதன் விளைவாக ஆரஞ்சு போய் வெள்ளை வந்தது. ஆய்வாளர், பந்தய நிர்வாகம், திடல் பராமரிப்பவர், விலங்கு நல அமைப்பு ஆகியோரில் எவரும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது.

அடுத்தது தரவு. அமெரிக்காவில் ஜாக்கி கிளப் நடத்தும் குதிரைக் காயத் தரவுத்தளம் 2009 முதல் கணக்கு வைத்திருக்கிறது. அந்த ஆண்டு 1,000 ஓட்டங்களுக்கு (ஒரு குதிரை ஒரு பந்தயத்தில் ஓடுவது ஒரு ஓட்டம்) 2.00 உயிரிழப்புக் காயங்கள், 2022-ல் 1.25. பல திடல்கள் தங்கள் கசப்பான எண்களை ஒரே இடத்தில் கொட்டியதால்தான் எந்தத் தரை, எந்த வயது, எந்த இடைவெளி ஆபத்து என்று ஆராய முடிந்தது. உங்கள் பகுதியில் சங்கம் இருந்தால், பெயர் குறிப்பிடாமல் காயங்களைத் தெரிவிக்கும் எளிய படிவத்தோடு தொடங்குங்கள்.

விதியை அளக்கக் கூடியதாக எழுதுங்கள். கடிவாளத்தின் மூக்குப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும் என்ற பழைய விதியில் யாருடைய விரல், எந்த இடத்தில் என்ற வாக்குவாதம் ஓயவே இல்லை. பன்னாட்டுக் கூட்டமைப்பு 2025-ல் பொதுவான அளவுக் கருவியைக் கொண்டுவந்ததும், எல்லோருக்கும் ஒரே அளவு என்றானது.

சேர்ந்து திருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் நவீன ஐந்திறப் போட்டியில் வீரர்களுக்குக் குலுக்கல் முறையில் குதிரை தரப்படும், பழகிக்கொள்ள 20 நிமிடம்தான். 2021-ல் மிரண்டுபோன ஒரு குதிரை திரும்பத் திரும்ப அடிக்கப்பட்டதை உலகமே பார்த்தது. பாரிஸ் 2024-க்குப் பிறகு அந்த விளையாட்டிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டது. குதிரைக்கு முன்பின் தெரியாத ஒருவரை ஏற்றி, அழுத்தமான நேரத்தில் தாண்டச் சொல்லும் அந்த அமைப்பை மாற்றத் தொழில்துறைக்குள்ளேயே முன்பு நேரம் இருந்தது.

படி 8: உழைக்கும் குதிரைகளை விட்டுவிடாதீர்கள்

நலம் பற்றிய பேச்சு போட்டிக் குதிரைகளிலேயே முடிந்துவிடுகிறது. உலகில் வண்டி இழுத்தும் சுமை தூக்கியும் உழைக்கும் குதிரை, கழுதை, கோவேறு கழுதைகள் சுமார் 10 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். உலக விலங்கு சுகாதார அமைப்பு இவற்றுக்கென்று தனி நலத் தரத்தை 2016-ல்தான் ஏற்றது. ப்ரூக், ஸ்பானா, டாங்கி சாங்சுவரி, வேர்ல்ட் ஹார்ஸ் வெல்ஃபேர் ஆகிய நான்கு அமைப்புகள் சேர்ந்து ஒரே கூட்டணியாக இதற்கு வேலை செய்கின்றன.

இங்கே உரிமையாளரின் அன்றைய வருமானமே அந்த விலங்குதான். புண்ணாகிவிட்டது, ஓய்வு கொடு என்று சொல்லிவிட்டுப் போனால் குடும்பம் பட்டினி. அவரைக் குற்றவாளியாக்காமல், சுற்றியிருக்கும் கைகளைச் சரிசெய்யுங்கள்: நுகமும் பட்டையும் செய்பவருக்கு அகலமான மென்பட்டை செய்யக் கற்றுக்கொடுப்பது, லாடம் அடிப்பவருக்குப் பயிற்சி, சுமை ஏற்றும் இடங்களில் தண்ணீரும் நிழலும், சுமை வரம்பை ஏற்கும்படி முதலாளிகளோடு பேச்சு, நோய்க்கால ஓய்வுக்கு உரிமையாளர்களே சேர்ந்து சேமிக்கும் நிதி. கடைசியாகச் சொன்னது மிக வலுவானது, ஏனென்றால் வெளியாள் போன பிறகும் அது நிற்கும்.

படி 9: வேலை முடிந்த பிறகு

பந்தயக் குதிரைக்கு ஓட்டம் முடியும்போது பெரும்பாலும் இன்னும் இளவயதுதான், அதற்குப் பின் நீண்ட வாழ்நாள் கிடக்கிறது. அந்தக் காலத்துக்கான பணம் முன்பே ஒதுக்கப்பட வேண்டும்: குட்டி பதிவாகும்போது, விற்கும்போது, பரிசு வெல்லும்போது ஒரு சிறு பங்கு. மறுபயிற்சி கொடுப்பவர்களுக்கு முழுப் பதிவேடும் சேர வேண்டும். பந்தயத்துக்குப் பிந்தைய வாழ்வைப் பற்றி நாடுகள் கலந்துபேச 2016-ல் தனி மன்றமே உருவானது.

வலியில்லா மரணம் பற்றியும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். எந்த நிலையில், யார் முடிவெடுப்பது, செலவு யாருடையது? இதைத் தள்ளிப்போடுவதால் நோயுற்ற குதிரை கை மாறிக்கொண்டே போய், கடைசியில் அதைத் தெரியாதவர் கையில் சாகிறது.

முதல் மாதம்

முதல் வாரம் பெயர்த் தாளும் பதிவேடும். ஓய்வில் இருக்கும்போது மூன்று நாள் தொடர்ந்து நாடி, மூச்சு, வெப்பம் எழுதி இயல்பு நிலையைக் கண்டுபிடியுங்கள். இரண்டாம் வாரம் குதிரைக்குப் போடும் புல்லின் எடையைத் தராசில் போட்டுப் பாருங்கள். கண்ணளவு நம்பிக்கையானது இல்லை. மூன்றாம் வாரம் முகபாவ அளவுகோலை எல்லோரும் சேர்ந்து பழகி, ஒரே குதிரைக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்த இடத்தில் பேசுங்கள். நான்காம் வாரம் அடுத்த லாயத்துக்குப் போய், காய்ச்சல் வந்தால் ஒருவருக்கொருவர் அன்றே சொல்லிவிடலாமா என்று கேளுங்கள்.